கொழுப்பு கல்லீரலில், ஆபத்து இதயத்தில்

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் மருத்துவ அறிக்கை என்றால் விடைத்தாள் மாதிரி. ஒருவர் உறையைப் பிரித்தால் போதும், நான்கு பேர் சேர்ந்து படிப்போம், திருத்துவோம், மதிப்பெண்ணும் போட்டுவிடுவோம். யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யாருக்குத் தைராய்டு எவ்வளவு என்பதெல்லாம் எல்லோருக்கும் அத்துப்படி. அப்படிப்பட்ட அறையில் எங்கள் கணக்கு ஆசிரியர் தம்முடைய ஓர் அறிக்கையை மட்டும் இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் காட்டவில்லை. வீட்டிலும் காட்டவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அது வயிற்று ஸ்கேன் அறிக்கை. சிறுநீரகக் கல்லோ என்ற சந்தேகத்தில் எடுத்தது. கல் இல்லை. கடைசி வரியில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 2' என்று இருந்திருக்கிறது. அவர் வாழ்நாளில் மதுவைத் தொட்டவரல்லர். அதுதான் சிக்கலே. "ஈரல் கெட்டுப்போச்சுன்னு வெளியில சொன்னா என்ன நெனைப்பாங்க மேடம்? சார் ரகசியமா குடிக்கிறார்னுதானே?" என்று பின்னாளில் என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாம் அப்படித்தான் நினைத்திருப்போம்.

திருநீர்மலையில் முகூர்த்த நாள் வந்தால் மலையடிவாரம் முழுக்கக் கல்யாணக் கூட்டமாகத்தான் இருக்கும். போன தை மாதம் எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவருடைய மகளுக்கு அங்கே திருமணம். தாலி கட்டி முடிந்ததும், வந்ததே வந்தோம், மேலே ரங்கநாதரையும் சேவித்துவிட்டு வரலாம் என்று ஏழெட்டுப் பேர் படியேறினோம். பாதிப் படியில் கணக்கு சார் உட்கார்ந்துவிட்டார். காலைக் குளிரில் நாங்கள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு நடக்கிறோம், அவருக்கோ சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "ஒண்ணுமில்ல, கேஸ். கேசரி அதிகமா சாப்பிட்டுட்டேன்" என்றார். கீழே இறங்கி ஒரு சோடா குடித்தார். சரியாகிவிட்டது போலிருந்தது. மறுநாள் இரண்டாம் பாடவேளையில் இடது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவரை, எங்கள் உடற்கல்வி ஆசிரியர்தான் வலுக்கட்டாயமாக ஆட்டோவில் ஏற்றி ஈ.சி.ஜி. எடுக்க அழைத்துப் போனார். மாரடைப்பு. இரண்டு ஸ்டென்ட்.

ஒன்றரை மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்தார். இளைத்திருந்தார், ஆனால் பேச்சில் பழைய கிண்டல் இருந்தது. மருத்துவமனைக் கோப்பை மேசைமேல் வைத்து, அதற்கு அடியிலிருந்து அந்தப் பழைய ஸ்கேன் அறிக்கையை எடுத்தார். "இத பாத்துட்டு டாக்டர் கேட்டார் மேடம், இது வந்த அன்னிக்கே ஏன் சுகர், கொலஸ்ட்ரால் பாக்கலன்னு. ஈரலுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்னு நான் அவரையே கேட்டேன்."

எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஏனென்றால் எங்கள் வீட்டுப் பீரோவிலும் அதே மாதிரி ஓர் அறிக்கை இருந்தது. கிரேடு 1. ஸ்கேன் எடுத்த இடத்தில், "இதெல்லாம் இப்ப எல்லாருக்கும் இருக்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பத்தொன்பது ஆண்டுகளாக அறிவியல் நடத்துகிறேன். செரிமான மண்டலத்தை ஒரு வகுப்பிலும் இரத்த ஓட்ட மண்டலத்தை இன்னொரு வகுப்பிலும் நடத்துவேன். இரண்டும் ஒரே உடம்புக்குள்தான் இருக்கின்றன என்பதை நானே மறந்துபோயிருக்கிறேன். கணக்கு சாரின் கேள்விக்கு நான் தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எண்ணெயா, சோறா?

கல்லீரலில் கொஞ்சம் கொழுப்பு இருப்பது இயல்பு. அதன் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் அது நோய்க்கணக்கில் வருகிறது. 'எண்ணெய்ப் பலகாரம் தின்றால் கல்லீரலில் எண்ணெய் சேரும்' என்பதுதான் நம்மில் பலருடைய எண்ணம். கணக்கு சார் சைவம். எண்ணெயைக் கண்டாலே ஒதுங்குபவர். அதனாலேயே அவருக்கு அந்த அறிக்கையின்மேல் நம்பிக்கை வரவில்லை.

2005-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், உடலுக்குள் போகும் கொழுப்புக்கு அடையாளக் குறியிட்டு, கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று பின்தொடர்ந்து பார்த்தார்கள். சுமார் 59 சதவீதம் உடலின் கொழுப்புத் திசுக்களிலிருந்து இரத்தம் வழியே வந்தது. 26 சதவீதத்தைக் கல்லீரலே மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் தயாரித்திருந்தது. சாப்பிட்ட கொழுப்பு நேராகப் போய்ச் சேர்ந்தது வெறும் 15 சதவீதம். ஆய்வுக்கு உட்பட்டவர்கள் சிலரே என்றாலும் கணக்கு தெளிவாக இருக்கிறது. சோறும் இட்லியும் சர்க்கரை போட்ட தேநீரும் கல்லீரலுக்குள் போய்க் கொழுப்பாக மாறும்.

மாணவர்களுக்கு நான் இதைக் கிடங்கு உதாரணத்தில் சொல்கிறேன். சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோஸைக் கல்லீரல் கிளைகோஜனாக மாற்றி அடுக்கி வைக்கும். ஆனால் அதன் கிடங்கில் ஏறத்தாழ 100 கிராம்தான் அடங்கும். நடந்து, ஓடி, மூட்டை தூக்கிச் செலவழித்தால் கிடங்கு காலியாகும். காலியாகாமலேயே அடுத்த லோடு வந்து நின்றால்? கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றும். கொஞ்சத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், மிச்சத்தை லாரியில் ஏற்றி இரத்தத்தில் அனுப்பிவிடும்.

இதயத்துக்கும் கல்லீரலுக்கும் உள்ள சம்பந்தம் அந்த லாரியில்தான் தொடங்குகிறது. அதன் பெயர் வி.எல்.டி.எல். அது நிறைய ஏற்றிக்கொண்டு போவது டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு. இரத்தத்தில் இந்தச் சரக்கு கூடக் கூட, நல்ல கொழுப்பு என்று நாம் சொல்லும் எச்.டி.எல். குறையும். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். துகள்களோ அளவில் சிறுத்து, அடர்த்தி கூடிப்போகும். சிறு துகள் இரத்தக் குழாய்ச் சுவருக்குள் எளிதாக நுழைந்து, அங்கேயே தங்கி, காலப்போக்கில் திட்டாகப் படியும். அந்தத் திட்டு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து குழாயை அடைத்தால் அதுவே மாரடைப்பு.

இன்னும் இரண்டு வேலைகளும் கல்லீரலில் நடக்கின்றன. இரத்தம் உறைவதற்கான புரதங்களில் பெரும்பாலானவற்றையும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. போன்றவற்றையும் அதுதான் தயாரிக்கிறது. கொழுப்பு சேர்ந்து புண்பட்ட கல்லீரல் இவற்றைக் கூடுதலாகச் சுரக்கத் தொடங்கும். அதோடு, இன்சுலின் சொல்வதையும் அது கேட்பதில்லை. 'போதும், குளுக்கோஸை வெளியே விடாதே' என்று இன்சுலின் சொன்னாலும் இரவெல்லாம் விட்டுக்கொண்டே இருக்கும். "ராத்திரி ரெண்டே ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன், காலையில வெறும் வயித்துல சுகர் எப்படி ஏறுச்சு?" என்று நம் அறையில் மாதம் ஒருமுறையாவது யாராவது கேட்பதுண்டு. இதுதான் விடை. ஏற்றியது இட்லி இல்லை, கல்லீரல்.

அந்த 45 சதவீதம்

இதெல்லாம் வழிமுறை. உண்மையில் நடக்கிறதா? 2021-இல் தி லான்செட் குழும இதழ் ஒன்றில் ஒரு பெருந்தொகுப்பு வெளியானது. 36 ஆய்வுகள், 58 லட்சம் பேர். ஏறத்தாழ ஆறரை ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், கல்லீரலில் கொழுப்பு உள்ளவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 45 சதவீதம் கூடுதல். கல்லீரலில் தழும்பு முற்றியவர்களுக்கு இரண்டரை மடங்கு. அடுத்த ஆண்டே அமெரிக்க இதயச் சங்கம் இதைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. கல்லீரல் கொழுப்பு நோய் உள்ளவர்கள் அதிகமாக இறப்பது கல்லீரல் கெட்டு அல்ல, இதய நோயால்தான் என்பதை அது எடுத்துச் சொன்னது.

45 சதவீதம் என்று நான் படித்ததும் கணக்கு சார் குறுக்கிட்டார். "நூறு பேர்ல நாப்பத்தஞ்சு பேருக்கு மாரடைப்புன்னு யாராவது படிச்சுடப் போறாங்க மேடம். அடிமானம் என்னன்னு சொல்லுங்க." சரிதான். உதாரணத்துக்கு, நூறு பேரில் ஆறு பேருக்கு வரக்கூடிய இடத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு வரும். பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கூடுதல் மூன்று பேரில் ஒருவர் நம் அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கலாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கொழுப்புதான் குற்றவாளியா, அல்லது குற்றவாளியோடு கூடவே திரிகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் உண்டு. 2008-இல் கண்டறியப்பட்ட ஒரு மரபணு மாற்றம், கல்லீரலில் கொழுப்பைக் கூட்டுகிறது. ஆனால் அதை உடையவர்களுக்கு இதய நோய் கூடுவதில்லை. அதாவது கல்லீரல் கொழுப்போடு சர்க்கரை, இரத்த அழுத்தம், இடுப்புச் சதை, டிரைகிளிசரைடு ஆகிய கூட்டாளிகள் சேரும்போதுதான் இதயத்துக்கு ஆபத்து. நம்மில் பெரும்பாலோருக்கு அந்தக் கூட்டாளிகள் சேர்ந்தேதான் வருகின்றன.

நோயின் பெயரே இதற்காக மாறியிருக்கிறது. நெடுங்காலம் 'மது சாராக் கல்லீரல் கொழுப்பு நோய்' என்று இருந்ததை, 2023-இல் உலகின் பல கல்லீரல் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 'வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கல்லீரல் கொழுப்பு நோய்' என்று மாற்றின. கல்லீரலில் கொழுப்போடு ஐந்தில் ஒன்றாவது இருந்தால் இந்தப் பெயர்: கூடுதல் எடை அல்லது இடுப்பளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்குமேல், இரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்குமேல், டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்குமேல், எச்.டி.எல். ஆண்களுக்கு 40-ம் பெண்களுக்கு 50-ம் அதற்குக் கீழும். இதய மருத்துவர் கேட்கும் பட்டியலும் கிட்டத்தட்ட இதுவேதான். பெயரிலிருந்து 'மது' போய்விட்டது. கணக்கு சாருக்கு அது ஒரு பெரிய நிம்மதி. (குடிப்பவர்களுக்கு இதனால் எந்தச் சலுகையும் இல்லை. இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் இன்னும் வேகமாகக் கெடும்.)

ஒல்லியாக இருந்தால் தப்பிக்கலாமா?

சென்னையிலேயே இதற்குக் கணக்கு இருக்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நம் நகரில் நடத்திய ஆய்வு 2009-இல் வெளியானது. ஸ்கேன் செய்து பார்த்தவர்களில் 32 சதவீதத்தினருக்குக் கல்லீரலில் கொழுப்பு. சர்க்கரை நோயாளிகளில் அது 54.5 சதவீதம். பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு இது. அதற்குப் பிறகு பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையில் எத்தனை பேக்கரிகள் முளைத்திருக்கின்றன என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

எங்கள் கணக்கு சார் குண்டு அல்ல. முழுக்கைச் சட்டையில் ஒல்லி என்றே சொல்லலாம். 2004-இல் லான்செட் இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் ஒரே 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். எடை எந்திரம் இருவருக்கும் ஒரே விடை சொல்கிறது, உள்ளே இருப்பது வேறு. நம்மவர்களுக்குக் கை கால் மெலிந்திருக்கும், கொழுப்பு வயிற்றுக்குள் குடல்களைச் சுற்றிச் சேரும். அந்த வயிற்றுக் கொழுப்பிலிருந்து கிளம்பும் இரத்தம் நேராகப் போய்ச் சேருமிடம் கல்லீரல். அதனால்தான் நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்குக் குறியீட்டெண் 23-லேயே எச்சரிக்கை. இடுப்பளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று எல்லை. புடவைக்குள்ளும் தளர்ந்த சட்டைக்குள்ளும் இது வெளியே தெரியாது. தையல்காரரிடம் இருக்கும் நாடா போதும். தொப்புள் மட்டத்தில் வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்க வேண்டும். எங்கள் அறையில் நான் அளந்தபோது எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள்.

ஒரு வர்க்கமூலம்

கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று முதற்கட்டமாகக் கணிக்க 'ஃபிப்-4' என்றொரு கணக்கு உண்டு. விலையுயர்ந்த பரிசோதனை தேவையில்லை. சாதாரண இரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள மூன்று எண்களும் வயதும் போதும். வயதை எஸ்.ஜி.ஓ.டி. அளவால் பெருக்க வேண்டும். அதைத் தட்டணு எண்ணிக்கை (ஆயிரங்களில்) பெருக்கல் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 1.3-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேலே என்றால் கல்லீரல் மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இடைப்பட்டது என்றால் அடுத்த பரிசோதனை. 35 வயதுக்குக் கீழ் இது சரிவராது, 65-ஐத் தாண்டியவர்களுக்குக் கீழெல்லை 2.

கணக்கு சார் இதைக் கேட்டதும் பேனாவை எடுத்துவிட்டார். ஸ்கேன் எடுத்த அன்று அவர் வயது 49, எஸ்.ஜி.ஓ.டி. 40, எஸ்.ஜி.பி.டி. 64, தட்டணுக்கள் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். "64! முழு வர்க்கம் மேடம், மூலம் 8!" என்று குழந்தை மாதிரி மகிழ்ந்தார். தொகுதி 1960. பகுதி 240 பெருக்கல் 8, அதாவது 1920. விடை 1.02.

பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் அஞ்சி மறைத்த கல்லீரலுக்கு அன்று பெரிய கேடு எதுவும் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்று கல்லீரலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்டுகளில், அவர் ஒருமுறைகூடச் சர்க்கரை பார்க்கவில்லை, கொழுப்பு பார்க்கவில்லை. மருத்துவமனையில் சேர்ந்த அன்று மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.1, டிரைகிளிசரைடு 260, எச்.டி.எல். 34. அந்த ஐந்து பட்டியலில் மூன்று.

நம் நாட்டில் 2021 பிப்ரவரியில் மத்திய அரசு, தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தோடு கல்லீரல் கொழுப்பு நோயையும் இணைத்தது. தனியாக ஒரு கல்லீரல் திட்டம் போடாமல், சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றின் திட்டத்துக்குள்ளேயே வைத்தது பொருத்தமான முடிவு என்று எனக்குப் படுகிறது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே பார்க்கிறார்கள். பகலில் வருவதால் நம் வீடு பூட்டியிருக்கும், அது வேறு விஷயம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சனிக்கிழமை போனால் முடிந்துவிடும் வேலை. ஸ்கேன் அறிக்கையில் அந்தக் கடைசி வரி இருந்தால், அதே வாரத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். எஸ்.ஜி.பி.டி. இயல்பாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். கொழுப்பு படிந்த கல்லீரலிலும் அது இயல்பாக இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரையை 'ஈரலுக்கு ஆகாது' என்று தாமாகவே நிறுத்தியவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். கல்லீரல் கொழுப்பு உள்ளவர்களுக்கு ஸ்டாட்டின் பாதுகாப்பானது என்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்களுடைய இதயத்துக்கு அது கூடுதலாகவே தேவைப்படுகிறது. நிறுத்துவதோ தொடர்வதோ, மருத்துவர் சொல்லட்டும். கீழாநெல்லி, ஈரல் சுத்தி மருந்து என்று கைப்பேசியில் வருவதையும் அவரிடம் கேட்காமல் வாயில் போடவேண்டாம்.

கல்லீரலிடம் ஒரு நல்ல குணம் உண்டு. கொழுப்பை அது விட்டுக்கொடுக்கும். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்குகிறது. 7 முதல் 10 சதவீதம் என்றால் அழற்சியும் தணிகிறது. 10 சதவீதத்தைத் தாண்டினால் தழும்புகூடப் பலருக்கு இளகுகிறது. நான் 68 கிலோ இருந்தேன். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மதியச் சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ வைத்தேன். இந்தியர்கள் தங்கள் ஆற்றலில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தே பெறுகிறார்கள் என்று 2025-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. என் டிபன் பாக்ஸில் அது எண்பதைத் தொட்டிருக்கும். தேநீரில் சர்க்கரையை விட்டது மட்டும் கஷ்டமாக இருந்தது, மூன்று வாரம். மாலையில் ஏரிப் பக்கம் நாற்பது நிமிட நடை. பத்து மாதத்தில் 63 கிலோ, இடுப்பு 91-லிருந்து 85, மூன்று மாதச் சராசரி 6.1-லிருந்து 5.7. விடைத்தாள் திருத்தும் முகாம் நடந்த பத்து நாளும் நடை போயிற்று, பஜ்ஜி வந்தது. அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

கழுத்துக் கருப்பு

இதை எழுத எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கொஞ்சம் பருமன், அமைதியானவள். கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக, வெல்வெட் துணி மாதிரித் தடித்திருக்கும். தன்சுத்தம் பற்றிப் பாடம் நடத்தியபோது, "கழுத்தை நல்லாத் தேச்சுக் குளிக்கணும்மா" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சிரிப்பு எழுந்தது. மறுநாள் அவள் கழுத்து சிவந்து, தோல் உரிந்திருந்தது. பீர்க்கங்கூடால் தேய்த்திருக்கிறாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அது அழுக்கல்ல. கழுத்திலும் அக்குளிலும் இப்படிக் கறுத்துத் தடிப்பது, உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் வெளி அடையாளம். எத்தனை தேய்த்தாலும் போகாது. கல்லீரல் கொழுப்பு பற்றிப் படிக்கப் போய்த்தான் இதைத் தெரிந்துகொண்டேன். இன்சுலின் சொல் கேளாத உடம்பில் கல்லீரலில் கொழுப்பு சேரும் வாய்ப்பு அதிகம், குழந்தைகளிலும்தான். இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான பகுப்பாய்வில், உடல் பருமன் உள்ள குழந்தைகளில் 63 சதவீதத்தினருக்கும், பருமன் இல்லாத குழந்தைகளில் 12 சதவீதத்தினருக்கும் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. கணக்கு சாருக்கு 49 வயதில் வந்த அந்தக் கடைசி வரி, இந்தப் பிள்ளைகளுக்குப் பதின்மூன்று வயதிலேயே எழுதப்படுகிறது. அவர்களுடைய இரத்தக் குழாய்களுக்கு முப்பத்தாறு ஆண்டுகள் முன்கூட்டியே வேலை தொடங்கிவிடுகிறது.

நாம் மருத்துவர்கள் அல்ல, நோய்ப்பெயர் சொல்லக்கூடாது. ஆனால் பிள்ளைகளின் கழுத்தைத் தினமும் பார்ப்பவர்கள் நாம்தான். பள்ளிக்கு வரும் சிறார் நல மருத்துவக் குழுவிடம் நாம் பெயர் சொன்னால் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால், வரிசையில் நிற்கும் இருநூறு பேரில் கழுத்துவரை பட்டன் போட்ட பிள்ளை தப்பிப் போய்விடும். பெற்றோரிடம் பேசும்போது 'குண்டு' என்ற சொல்லே வேண்டாம். நான் இப்படித் தொடங்குகிறேன்: "தேச்சுக் குளிப்பாட்டாதீங்கம்மா, அது அழுக்கில்ல. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க." போன பருவத்தில் ஒரு தாய் அழுதுவிட்டார். மகளைத் தினமும் அதற்காகத்தான் அடித்திருக்கிறார்.

அந்தப் பழைய மாணவியை அண்மையில் குரோம்பேட்டைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கமாகப் போட்டிருந்தாள். அன்று வகுப்பில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மிஸ், மறந்தே போயிடுச்சு" என்றாள். துப்பட்டா அப்படிச் சொல்லவில்லை. என்ன பரிசோதனை செய்யவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பேருந்து வந்துவிட்டது.

அடுத்த வியாழக்கிழமை மருத்துவக் குழு எங்கள் பள்ளிக்கு வருகிறது. என் குறிப்பேட்டில் நான்கு பெயர்கள் எழுதி வைத்திருக்கிறேன். வகுப்பில் படிக்கமாட்டேன், ஒவ்வொருவராகத்தான் அழைக்கப்போகிறேன். அன்று ஆசிரியர்களுக்கும் இரத்த அழுத்தம் பார்க்கும்படி குழுவிடம் கேட்டிருக்கிறோம். கணக்கு சார் தம் பையில் ஓர் அளவு நாடாவையும் கால்குலேட்டரையும் எடுத்து வைத்துக்கொண்டு, யார் முதலில் வருவது என்று அறையில் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.